தொண்டைப்பையாரின் பூட்ஸும் ஓர் அரை ஃபாரமும்

1. காணாமல் போன பாஸ்போர்ட்

முதலாளி போன் செய்தபோது நான் அரியமங்கலம் பட்டறையில் பசைச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். காலை ஒன்பதரை மணி. போன் அடித்தாலே ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று நினைக்கிறவள் நான்.

"மல்லிகா, ரஃபீக் பாஸ்போர்ட் பட்டறையில எங்கயாச்சும் கெடக்குதா பாரும்மா. வீடு பூரா தலைகீழா கவுத்துட்டோம். காணோம்."

முதலாளி பெயர் காசிம் பாய். புத்தக பைண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். ரஃபீக் அவருடைய மகன், சவுதியில் ஏசி மெக்கானிக். இரண்டு மாத லீவில் வந்திருந்தார். அன்று சாயங்காலம் ஃபிளைட். திரும்பிப் போவதற்கான அனுமதி அந்த வாரத்தோடு முடிகிறது, அன்று ஏறாவிட்டால் வேலை அவ்வளவுதான் என்று பட்டறையில் எல்லோருக்கும் தெரியும்.

நான் மேசை டிராயரைப் பார்த்தேன். ரேக்குக்கு அடியில் பார்த்தேன். கட்டிங் மெஷினில் வெட்டிய கழிவுக் காகிதம் நான்கு மூட்டை கிடந்தது. ஒருவேளை ஏதாவது புத்தகக் கட்டோடு கலந்து கத்திக்கு அடியில் போயிருந்தால்? அப்படி ஒரு நினைப்பு வந்ததும் நான்கு மூட்டையையும் தரையில் கொட்டினேன். நீல நிறத்தில் ஒரு துண்டு கண்ணில் பட்டது. எடுத்துப் பார்த்தால் ஏதோ டைரியின் அட்டை.

மறுபடி போன்.

"விட்டுடு, தேடாத. அஸ்மாதான் ஒளிச்சு வச்சிருக்கா. வாயத் திறக்க மாட்டேங்குறா. அவங்கம்மா ரெண்டு போட்டும் பாத்துட்டா. உன்கிட்டன்னா பேசுவா. ஆட்டோ புடிச்சு வா."

அஸ்மா ரஃபீக்கின் மகள். எட்டு வயது. சனிக்கிழமைகளில் தாத்தாவோடு பட்டறைக்கு வந்துவிடுவாள். அவரை நன்னா என்பாள், அப்பாவை அத்தா என்பாள், என்னை மல்லிகாக்கா என்பாள். அவளுக்கு ஃபாரம் மடிக்கத் தெரியும், அட்டைக்கு மூலை மடித்து ஒட்டத் தெரியும். முந்தின சனிக்கிழமைகூட, "நோட்டு அட்டை பிஞ்சிருச்சுக்கா, கொஞ்சம் பசை குடுங்க" என்று ஒரு டப்பாவில் வாங்கிக்கொண்டு போனாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

2. நான் புத்தகம் பார்க்கும் விதம்

மேலே சொல்வதற்கு முன்னால் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்போது பட்டறைக்குப் புதிதாக வருகிற பெண்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஆனால் முப்பது வருஷமாக ஆயிரக்கணக்கான புத்தகம் என் கை வழியாகப் போயும் ஒன்றைக்கூட முழுசாகப் படித்ததில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. அச்சிட்ட பெரிய தாளை மடித்தால் பதினாறு பக்கம் வரும், அது ஒரு ஃபாரம். ஒவ்வொரு ஃபாரத்தின் முதுகிலும் ஒரு கறுப்புக் கட்டை அச்சடித்திருப்பார்கள். முதல் ஃபாரத்தில் மேலே, அடுத்ததில் கொஞ்சம் கீழே, அதற்கடுத்ததில் இன்னும் கீழே. ஃபாரங்களை வரிசையாக அடுக்கி முதுகைப் பார்த்தால் கறுப்புக் கட்டைகள் படிக்கட்டு மாதிரி இறங்கும். ஒரு படி விட்டுப் போனால் ஒரு ஃபாரம் இல்லை. ஒரு படி ஏறி நின்றால் வரிசை தப்பு. புத்தகத்தில் இருப்பது ராமாயணமா ரசாயனமா என்று பார்க்கவே வேண்டாம். படிக்கட்டு சரியாக இருந்தால் புத்தகம் சரி.

படிக்கட்டை நான் மூன்று தடவை பார்ப்பேன். வீட்டில் காஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பிப் போகிறவள் நான். "மல்லிகா பாத்தா மறுபடி பாக்க வேணாம்" என்று பாய் கஸ்டமர்களிடம் சொல்வார்.

அந்தச் சமயத்தில் ஸ்ரீரங்கத்திலிருந்து வேதவல்லி மாமி ஒரு குழந்தைப் புத்தகம் கொடுத்திருந்தார்கள். தனி ஆளாகச் சின்னப் பதிப்பகம் நடத்துகிறவர்கள். சின்ன வயசில் தான் படித்த பழைய இங்கிலீஷ் கதையைத் தாமே தமிழில் எழுதியிருந்தார்கள். கதாநாயகன் ஒரு கூழைக்கடாப் பறவை. அவன் தபால்காரன். கட்டம் போட்ட கோட்டும் பெரிய பூட்ஸும் போட்டிருப்பான். மாமி அவனுக்குத் தொண்டைப்பையார் என்று பெயர் வைத்திருந்தார்கள். கடிதங்களைத் தன் தொண்டைப் பையில் போட்டுக் கொண்டுபோவதால் எல்லாம் நனைந்து மை கரைந்துவிடும். ஊர்க்காரர்கள் அவரவர் விருப்பப்படி படித்துக்கொள்வார்கள். விளக்குக் கம்பத்துக்கு வணக்கம் சொல்வான். உட்காருவதற்கு முன்னால் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்பான். இதெல்லாம் அஸ்மா எனக்குச் சொன்னது. பாய் முதல் பிரதியை அவளுக்குத்தான் கொடுத்தார். இரண்டு சனிக்கிழமை அவள் பட்டறை நாற்காலி ஒவ்வொன்றிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

பிறகு ஒரு நாள் கேட்பதை நிறுத்திவிட்டாள். குழந்தைதானே, அலுத்துப் போயிருக்கும் என்று நினைத்தேன்.

3. தென்னூர் வீட்டில்

பாய் வீட்டு ஹாலில் இரண்டு பெட்டி கயிறு கட்டித் தயாராக இருந்தது. ரஃபீக் பனியனோடு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி சமையல் கட்டில் அழுதுகொண்டிருந்தார். பாய் என்னைப் பார்த்ததும் உள் அறையைக் கை காட்டினார்.

அஸ்மா கட்டில் மூலையில் ஸ்கூல் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் விரல் பதிந்திருந்தது.

"ஏன்டா கண்ணு, அத்தா பாஸ்போர்ட்ட எங்க வச்ச?"

"சொல்ல மாட்டேன்."

"அத்தாவுக்கு வேலை போயிடும்டா."

"போகட்டும். அத்தா போகாதுல்ல."

"ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை போய்ட்டு வர்றதுதானே? இப்ப என்ன புதுசா?"

அவள் தலையணைக்கு அடியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து என் மடியில் போட்டாள். "நீங்க செஞ்ச புஸ்தகம்தானே? நீங்களே படிங்க. கடைசிப் பக்கம்."

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டினேன். புயல் அடிக்கிறது. கலங்கரை விளக்கத்தில் ஒரு சிறுமி தன் அப்பாவின் கடிதத்துக்காகக் காத்திருக்கிறாள். தொண்டைப்பையார் அந்தக் கடிதத்தோடு கடலைத் தாண்டக் கிளம்புகிறான். பிறகு இப்படி இருந்தது: "மறுநாள் காலை கடல் அமைதியாக இருந்தது. கரையில் ஒரு ஜோடி பூட்ஸ் மட்டும் நின்றது. பக்கத்தில் யாரும் இல்லை."

கீழே படம். மணலில் இரண்டு பூட்ஸ். வேறு ஒன்றும் இல்லை.

குழந்தைப் புத்தகத்தில் இப்படியா எழுதுவார்கள்?

"அத்தாவும் கடல் தாண்டித்தானே போகுது" என்றாள் அஸ்மா.

அறை வாசலில் நின்ற ரஃபீக் பொறுமை இழந்து, "நான் ஃபிளைட்ல போறேன்டி. நீந்தியா போறேன்?" என்றார்.

"அவருக்கும்தான் றெக்கை இருந்துச்சு."

நான் பக்கத்தைப் புரட்டினேன். நேராகப் பின் அட்டை. பக்க எண்ணைப் பார்த்தேன். அறுபத்து நான்கு. நாலு பதினாறு அறுபத்து நாலு. நாலு ஃபாரம், நாலு படி. கணக்கு சரிதான். ஆனால் கீழே 'முற்றும்' இல்லை. மாமி எந்தப் புத்தகத்திலும் முற்றும் போடாமல் விடமாட்டார்கள்.

அப்போதுதான் அந்த மழை நாள் ஞாபகம் வந்தது.

அந்தப் புத்தகத்துக்கு நாலரை ஃபாரம். கடைசி எட்டுப் பக்கம் அரை ஃபாரமாக இரண்டு நாள் தாமதமாக வந்தது. அரை ஃபாரத்தின் முதுகில் பிரஸ்காரர்கள் கறுப்புக் கட்டை போடவில்லை. நானேதான் மடித்துக் கட்டினேன். அன்று பட்டறைக் கூரையில் ஒழுகியது. நனைந்துவிடுமே என்று பயந்து, கட்டுகளை மேல் ரேக்கில் ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடினேன். மூடிவிட்டு மறந்துபோனேன். அடுக்கும்போது மேசையில் நாலு குவியல்தான் இருந்தது. படிக்கட்டு நாலு படி, சரியாக இறங்கியது. மூன்று தடவை பார்த்தேன். கட்டிங் மெஷின் சேகர்கூட, "அக்கா, அட்டை முதுகு கொஞ்சம் லூசா இருக்கே?" என்று கேட்டான். "பேப்பர் மெலிசா வந்திருக்கும்" என்று அவன் வாயை அடைத்தேன்.

பாய் பக்கத்திலேயே நிற்கிறார். சொன்னால் என் வேலை இருக்குமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அந்தக் குழந்தையின் கன்னத்தைப் பார்த்தேன்.

"பாய், கதை முடியல. முடிவு ரேக்குல இருக்கு. நான்தான் வச்சு மறந்துட்டேன்."

"என்னம்மா உளர்ற?"

"எட்டுப் பக்கம் விட்டுப் போச்சு பாய். எல்லாப் பிரதியிலயும்."

பாய் அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அஸ்மா என்னை முறைத்தாள். "பொய். நான் அழுவுறேன்னு சும்மா சொல்றீங்க."

"ஒரு மணி நேரம் குடு. கொண்டாந்து காட்டறேன்."

"அறுபத்தஞ்சுன்னு நம்பர் போட்டிருக்கணும்" என்றாள். பைண்டிங் வீட்டுப் பிள்ளை.

4. அறுபத்தைந்தாம் பக்கம்

ரஃபீக் பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டு பறந்தார். பட்டறையில் ஸ்டூல் போட்டு ஏறித் தார்ப்பாயை விலக்கினேன். கட்டுகள் கட்டினபடி இருந்தன. ஒரு சொட்டுக்கூட நனையவில்லை. ஓர் அரை ஃபாரத்தை உருவி, ஒரு கத்தியோடு கைப்பையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தேன்.

பாதி வழியில் ரஃபீக் திரும்பாமலே கேட்டார். "அக்கா, முடிவுல அவரு திரும்பி வந்துடறாருல்ல?"

"தெரியாது தம்பி."

பிரேக் போட்டதில் என் மூக்கு அவர் முதுகில் இடித்தது. "என்னக்கா தெரியாதுங்குறீங்க?"

"நான் எந்தப் புஸ்தகத்தையும் படிச்சதில்ல தம்பி. படிக்கட்டுதான் பாப்பேன்."

"அப்ப செத்துப் போயிட்டாருன்னு இருந்தா?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. ஃபாரத்தை எடுத்துப் பார்த்தேன். மடித்த ஃபாரம் தலைப்பக்கம் ஒட்டியே இருக்கும், கத்தியால் கிழித்தால்தான் உள்ளே படிக்க முடியும். கத்தி பையில் இருந்தது. ஆனால் பின்னால் ஒரு பஸ்காரன் ஹாரன் அடித்துக் கொன்றான். "அல்லா பாத்துக்குவான், புடிச்சுக்கங்க" என்று ரஃபீக் கிளப்பிவிட்டார். வீடு வரும் வரை கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இதில் சாவு இருக்கக் கூடாது என்று தெரிந்த சாமி எல்லாரையும் கூப்பிட்டேன்.

அஸ்மா முதலில் நம்பரைப் பார்த்தாள். அறுபத்தைந்து. புத்தகத்தின் ஓரத்தோடு வைத்துத் தாள் நிறம் ஒன்றா என்று பார்த்தாள். பிறகுதான் கத்தியால் கிழிக்க விட்டாள். சத்தமாகப் படித்தாள். நாங்கள் நாலு பேரும் கதவருகில் நின்று கேட்டோம். சமையல் கட்டில் விசில் வந்துகொண்டே இருந்தது. யாரும் போய் அடுப்பை அணைக்கவில்லை.

பூட்ஸ் நனையக் கூடாது என்றுதான் தொண்டைப்பையார் அவற்றைக் கரையில் கழற்றி வைத்திருக்கிறான். கடிதத்தைத் தொண்டைப் பையில் போடாமல் கைக்குட்டையில் சுற்றித் தலையில் கட்டிக்கொண்டு போயிருக்கிறான். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கடிதம் நனையாமல் போய்ச் சேருகிறது. மூன்றாம் நாள் வெறுங்காலோடு திரும்பி வருகிறான். வந்ததும் பூட்ஸின் முன்னால் குனிந்து, "உங்களைத் தனியாக நிற்க வைத்துவிட்டேன், மன்னிக்க வேண்டும்" என்கிறான்.

அந்த இடத்தில் அஸ்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். பாய் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பிறகு அவள் ஸ்கூல் பையைத் திறந்து கணக்கு நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இதுலயா?"

"அட்டைக்குள்ள."

நான் வாங்கிப் பார்த்தேன். இரண்டு மில்போர்டு அட்டைக்கு நடுவில் பாஸ்போர்ட்டை வைத்து, மேலே காலிகோ துணி போர்த்தி, மூலை மடித்து, உள்ளே வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தாள். என்னுடைய பசை. நான் சொல்லிக் கொடுத்த மூலை. இவ்வளவு நேரம் அவள் கட்டிப்பிடித்திருந்த பையில்தான் அது இருந்திருக்கிறது.

பசை உள்ளே இறங்கிப் பக்கம் ஒட்டியிருந்தால் பாஸ்போர்ட் செல்லாது. கத்தியை வைத்தால் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று தெரியாது. முப்பது வருஷத்தில் எத்தனையோ அட்டை பிரித்திருக்கிறேன். அன்றுதான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஈரத்துணி கேட்டேன். ரஃபீக், "மெதுவாக்கா, மெதுவாக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"நீ கொஞ்ச நேரம் சும்மா இருடா" என்று பாய் அவரை வெளியே தள்ளினார்.

ஓரத்தை ஈரத்துணியால் நனைத்து, தாளை உரித்து, அட்டையைப் பிளந்தேன். உள்ளே பாலிதீன் கவர். அதற்குள் இன்னொரு பாலிதீன் கவர். அதற்குள் பாஸ்போர்ட். ஒரு பொட்டுப் பசை இல்லை.

"ரெண்டு கவர் எதுக்கும்மா?" என்று ரஃபீக் கேட்டார்.

"நனையக் கூடாதுல்ல? எழுத்தெல்லாம் கரைஞ்சிடுமே" என்றாள்.

ரஃபீக் அன்று சாயங்காலம் கிளம்பிவிட்டார். ஷூவைக் கழற்றவே மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அஸ்மா விட்டாள்.

5. ஸ்ரீரங்கத்தில்

எனக்கு வேலை முடியவில்லை. முந்நூறு பிரதி ஏற்கெனவே வெளியே போயிருந்தது. மறுநாள் காலை மாமியிடம் சொல்லப் பாயோடு போகிறேன் என்றுதான் சொன்னேன். அவர், "நீயே போய்ச் சொல்லு. நான் வந்தா அவங்க என்கிட்ட மரியாதையா பேசி அனுப்பிடுவாங்க" என்றார். காவேரிப் பாலத்தில் பஸ் போகும்போது இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது.

சித்திரை வீதி வீட்டில் வேதவல்லி மாமி கையில் காபி டம்ளரோடு இருந்தார்கள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். மாமி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அலமாரியிலிருந்து ஒரு பிரதியை எடுத்துப் பின்பக்கம் பார்த்தார்கள்.

"ரங்கா!" என்றார்கள்.

"நான் திறந்தே பாக்கலயே மல்லிகா. மனப்பாடமாத் தெரியும்னு திறக்கலை." மேசையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார்கள். "ஒரு ஸ்கூல் டீச்சர் எழுதியிருந்தா. சாவைக் குழந்தைகளுக்கு ஒளிக்காம தைரியமாச் சொல்லியிருக்கேள்னு ஒரே பாராட்டு. நான் எப்போ யாரைக் கொன்னேன்னு மூணு நாளா மண்டையைக் குடைஞ்சிண்டிருக்கேன்!"

"மன்னிச்சிடுங்க மாமி."

"முந்நூறு பேர் ஆத்துல அவர் கடல்ல போய்க் கெடக்கறார். நான் இங்க ஒக்காந்து காபி குடிச்சிண்டிருக்கேன். மன்னிப்பெல்லாம் அப்பறம். மொதல்ல அவரைக் கரையேத்துங்கோ."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதற்கப்புறம் மாமி எனக்கும் ஒரு காபி கொடுத்தார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

பட்டறையில் இருந்த பிரதிகளைப் பிரித்து மறுபடி பைண்ட் செய்தோம். வெளியே போனவற்றுக்கு மாமி வைத்திருந்த பெயர் லிஸ்டைப் பிடித்துக்கொண்டு நானும் பசை டப்பாவுமாக அலைந்தோம். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் மெல்லிசாகப் பசை தடவி அரை ஃபாரத்தை ஒட்டி, அட்டையைச் சரி செய்ய வேண்டும். தில்லை நகரில் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்றார்கள். சுவரில் தொண்டைப்பையாருக்கு மாலை போட்ட படம் மாட்டியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் பசை தடவிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

"மிஸ், அவரு உசுரோட இருக்காரா?" என்று ஒரு பெண் குழந்தை கேட்டது. என்னை யாரும் மிஸ் என்று கூப்பிட்டதில்லை.

"இருக்காரும்மா."

"அப்ப அந்த மாலைய எடுத்துடலாமா?"

"மொதல்ல அத எடு" என்றேன்.

6. திரும்பி வராத ஒன்று

வெளியே போன பிரதிகள் எல்லாம் கிடைத்துவிட்டன, ஒன்றைத் தவிர. அது பெயர் எழுதாமல் விற்றது. மாமி வீட்டு வாசலிலேயே ஓர் அம்மா வாங்கிக்கொண்டு போனார்களாம். கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரர்கள். "கையில ஒரு பெண் குழந்தை. ரெட்டைப் பின்னல். ரயில்ல படிக்கணும்னு ஒரே பிடிவாதம்" என்று மட்டும் மாமிக்கு ஞாபகம் இருந்தது.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். படிக்கட்டைப் பாருங்கள். ஆனால் கடைசிப் பக்கத்தைப் படிக்காமல் அட்டை ஒட்டாதீர்கள். படிக்கத் தெரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். ஒன்றைப் பத்திரப்படுத்தினால், எங்கே வைத்தோம் என்று மேசை மேல் எழுதி வையுங்கள். என் பயத்தால்தான் அந்தக் கட்டு நனையாமல் இருந்தது. அதே பயத்தால்தான் அது புத்தகத்துக்குள் போகாமலும் இருந்தது.

ரஃபீக் அடுத்த லீவுக்கு வந்துவிட்டுப் போய்விட்டார். அஸ்மா இப்போது பெரிய வகுப்பு. பட்டறையில் கடைசிப் பக்கங்களை எனக்குப் படித்துக் காட்டுவது சனிக்கிழமைகளில் அவள்தான்.

என் கைப்பையில் ஓர் அரை ஃபாரம் எப்போதும் இருக்கிறது. மடித்து, இரண்டு பாலிதீன் கவருக்குள். ஜங்ஷனிலோ சத்திரம் பஸ் ஸ்டாண்டிலோ ரெட்டைப் பின்னலோடு ஒரு பெண் குழந்தை புத்தகம் வைத்திருந்தால், கிட்டே போய் அட்டையைப் பார்ப்பேன். அந்தக் குழந்தை இந்நேரம் வளர்ந்திருக்கும் என்று சேகர் சொல்கிறான். இருக்கட்டும். அவள் வீட்டுக் கரையில் அந்த பூட்ஸ் இன்னும் தனியாகத்தான் நிற்கிறது.